செயலவைப் பட்டியலில் ஓர் அம்மாவின் பெயர்கூட இல்லையே

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பின் உள்பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஆட்டிசம் உள்ள நம் பிள்ளைகளுக்காகப் பினாங்கில் புதிதாக ஓர் அறநிறுவனம் தொடங்குகிறார்களாம். ஆளுயர மாதிரி காசோலை, அதைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர், மாலை, பொன்னாடை என்று எல்லாம் இருந்தது. சந்தோஷம்தான். செய்தியின் கடைசியில் செயலவை உறுப்பினர்களின் பெயரும் பொறுப்பும் இருந்தன, அதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். 11 பேர். அரசு தரும் 'டத்தோ' பட்டம் பெற்றவர்கள் மூவர், தொழிலதிபர்கள் சிலர், ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காய்வாளர். இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் வளர்க்கிற ஒருவர்கூட அதில் இருப்பதாகத் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிறவர், சிறப்புக் கல்வி ஆசிரியர், குழந்தை மருத்துவர், இவர்களில் ஒருவர்? அதுவும் இல்லை.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பணம் இல்லாமல் ஒரு மையமும் நடக்காது, பினாங்கின் பெருநிலப் பக்கமான செபராங் பிறையில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கான ஒரு சின்ன மையத்துக்கு ஏழு வருடமாகப் பொருளாளராக இருக்கிற எனக்கு அது தெரியாதா, மின்சாரக் கட்டண பில்லைப் பார்த்துப் பார்த்தே பாதித் தலை நரைத்துவிட்டது. ஆனால் பணம் கொடுப்பவர்களும் வழிநடத்துபவர்களும் ஒரே ஆட்களாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். புதிதாகத் தொடங்குகிறவர்களும் அதே பாட்டைப் படவேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

என் மூத்த மகனுக்கு இப்போது 15 வயது. ஆட்டிசம். (சிலர் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. அவன் மதியில் ஓர் இறுக்கமும் இல்லை, எங்கள் வீட்டில் எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.) 2012இல், அவனுக்கு ஒன்றரை வயதானபோது, தடுப்பூசிக்காக அரசாங்க சுகாதார கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். அங்கே 18 மாதத்திலும் 3 வயதிலும், ஆட்டிச அறிகுறி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, எம்-சாட் என்று ஒரு கேள்வித்தாள் வைத்துக் கேட்பார்கள். அந்த நர்ஸ் நல்ல மனுஷி, ஒவ்வொன்றாக மலாயில் கேட்டார். பிடித்த பொருளைப் பார்த்தால் விரல் நீட்டிக் காட்டுவானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா? நீங்கள் சிரித்தால் சிரிப்பானா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றேன். மூன்றும் பொய்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார், பின்னால் வரிசையில் எங்கள் பிளாட்டிலேயே இருக்கிற இரண்டு பேர். அதைவிட, 'இல்லை' என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பயம். நர்ஸ் டிக் போட்டார், வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு வருடம் போனது. கேள்வித்தாள் நல்ல கேள்வித்தாள்தான், கேட்டவரும் முறையாகத்தான் கேட்டார், ஆனால் அதைத் தாண்டி வந்த இன்னொரு அம்மா அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்லம்மா, உள்ளதைச் சொல்லு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். இப்போது எங்கள் மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களைப் பதிவு செய்யும்போது மேசையில் இரண்டு பேர் உட்காருகிறோம், ஒருவர் தெரப்பிஸ்ட், இன்னொருவர் பெற்றோர். முதலில் பேசுவது பெற்றோர். இந்த ஏற்பாடு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, என் பொய்யிலிருந்து வந்தது.

அப்புறம் மொழி விஷயம். இது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான்கு வயதில் மகனை ஒரு தனியார் இடத்தில் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்த்தோம். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் முதல் நாளே, "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும், இல்லாவிட்டால் குழம்பிவிடுவான்" என்று சொல்லிவிட்டார். என் மாமியார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் சந்தையில் சமாளிக்கிற மலாயும்தான் அவருக்கு. பேரனிடம் பேசினால் அவனுக்குக் கெடுதல் என்று நாங்களே அவரிடம் சொன்னோம். ஏறக்குறைய ஒரு வருடம் அந்தப் பாட்டி பேரனுக்குச் சோறு ஊட்டினார், குளிப்பாட்டினார், தலை துவட்டிவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும். என் ஆங்கிலமோ ஹார்ட்வேர் கடை ஆங்கிலம், ஸ்க்ரூ கணக்குக்குத்தான் ஆகும், அதில் பிள்ளையைக் கொஞ்ச வராது.

பிறகு எங்கள் மையத்துக்குத் தமிழ் தெரிந்த ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பகுதி நேரமாக வந்தார். இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்காது என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வீட்டில் யாருக்கு எந்த மொழி மனதிலிருந்து வருகிறதோ அதில் பேசுங்கள் என்றார். மாமியார் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார், ஒரு வருடத்துக்கும் சேர்த்து. மகன் காரியத்துக்காகச் சொன்ன முதல் சொல்லும் தமிழ்ச் சொல்தான்: "போதும்". தட்டில் நான்காவது இட்லி விழுந்தபோது பாட்டியிடம் சொன்னது.

அந்தத் தனியார் இடத்தில் அப்படிச் சொன்னவர் கெட்டவர் இல்லை, படித்தவர்தான். ஆனால் அவரைத் திருப்பிக் கேட்கும் இடத்தில் நாங்கள் இல்லை, கட்டணம் கட்டிவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருக்கும் இடத்தில் இருந்தோம். வல்லுநர் சொல்வதை வீட்டு நிலவரம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும்படி ஓர் ஏற்பாடு வேண்டும், அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் செயலவை என்பது என் கட்சி.

இதில் புதுமை ஒன்றும் இல்லை ஐயா. ஆட்டிசத்தின் கதையே இப்படித்தான் போயிருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதுதான் இது தனியாக ஒன்று என்று மருத்துவ உலகம் பார்க்கத் தொடங்கியது. ஆனால் அதற்குப் பிறகு 1950களிலும் 60களிலும் பெரிய பெரிய படிப்பாளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தாய் பாசமில்லாமல் வளர்த்ததால் வந்தது என்றார்கள். அந்த அம்மாக்களுக்கு 'ஃபிரிட்ஜ் அம்மா' என்று பெயரே வைத்தார்கள். நம் ஊரில் 'கைக்குழந்தையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் இப்படித்தான்' என்று என்னிடம் சொன்னார்களே, அதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

அந்தப் பழியை உடைத்ததில் பெரும் பங்கு பெர்னார்ட் ரிம்லேண்ட் என்பவருடையது. உளவியல் படித்தவர், அவருடைய மகனுக்கே ஆட்டிசம். இது உடல்வழி, மூளைவழி வருவது, தாயின் குற்றமில்லை என்று 1964இல் புத்தகமே எழுதினார், அடுத்த வருடம் மற்ற பெற்றோரோடு சேர்ந்து அமெரிக்காவில் ஒரு சங்கமும் தொடங்கினார். அதற்கு முன்பே, 1962இல், லண்டனில் பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அதில் முன்னால் நின்ற லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள பெண் குழந்தையின் தாயும்கூட. டெல்லியில் 1991இல் மெர்ரி பருவா என்ற அம்மா தொடங்கிய அமைப்புதான் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்'. நம் நாட்டின் தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோமும் 1980களின் பிற்பகுதியில் பெற்றோரும் துறை வல்லுநர்களும் சேர்ந்து உண்டாக்கியதுதானே. டத்தோக்கள் ஆதரவு பிறகு வந்திருக்கும், வரட்டும், நல்லது.

சரி, அப்படியானால் பெற்றோரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கூடாது. இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். நாங்கள் பயந்துபோனவர்கள், பயந்தவனிடம் எதையும் விற்கலாம். மகனுக்கு ஐந்து வயதானபோது ஒருவர் பேச்சைக் கேட்டு ஏதோ சத்து பவுடர் வாங்கினேன், ஒரு டப்பா 380 வெள்ளி (ரிங்கிட்), மூன்று மாதத்தில் பேச்சு வரும் என்றார், மூன்று மாதத்தில் வந்தது வயிற்றுப்போக்கு. தனியாக ஏமாந்தால்கூட என்னோடு போயிருக்கும். பெற்றோர் மட்டுமே செயலவையில் இருந்த காலத்தில் அதே பவுடரை மையத்தின் பணத்தில் மொத்த விலைக்கு வாங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது, அதை முன்மொழிந்தது யார் என்று கேட்காதீர்கள். விற்பனைக்காரர் விலையை ஏற்றியதால்தான் தப்பித்தோம்.

மேலே சொன்ன ரிம்லேண்டைப் பற்றியும் மிச்சத்தைச் சொல்லிவிட வேண்டும். அம்மாக்களின் பழியைத் துடைத்த அதே மனிதர் பிற்காலத்தில் அதிக அளவு வைட்டமின் கொடுக்கச் சொன்னார், தடுப்பூசிதான் காரணமாக இருக்கும் என்ற பக்கமும் சாய்ந்தார். 1998இல் 12 பிள்ளைகளை வைத்து அப்படி ஒரு கட்டுரை லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் வந்து, 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரும்பப் பெற்ற சேதி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பழைய சேதி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது, அதைப் பார்த்து இரண்டாவது பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். தகப்பனும் வல்லுநரும் ஒரே ஆளாக இருந்தவருக்கே கால் இடறியிருக்கிறது என்றால், சாதாரணப் பெற்றோரான எங்களைக் கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?

அந்த ஆள் எங்களுக்குக் கிடைத்த கதையைச் சொல்கிறேன், அதுவும் எங்களுக்குப் பெருமை தரும் கதை இல்லை. அப்போது தெரப்பிஸ்ட்டுகள் எங்களிடம் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் மட்டும்தான், செயலவையில் வாக்கு கிடையாது. ஒரு நன்கொடையாளர் 20,000 வெள்ளி தருவதாகச் சொன்னார், ஹோட்டலில் விருந்து, பிள்ளைகள் மேடையேறி ஒரு பாட்டுக்கு ஆடவேண்டும் என்பது அவர் ஆசை. பெற்றோர் நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டோம். மேடை விளக்கு, ஸ்பீக்கர் சத்தம், முன்னூறு பேர், இது வேண்டாம் என்று எங்கள் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட் (அன்றாடக் காரியங்களுக்குப் பயிற்சி தருகிறவர்) மட்டும் சொன்னார். சம்பளம் வாங்குகிறவர் செயலவை முடிவைப் பற்றிப் பேசவேண்டாம் என்று சொல்லி அவர் வாயை அடைத்தோம். விருந்தன்று ஸ்பீக்கர் முதல் அடி அடித்ததுமே ஏழு வயதுப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான். வெளியே வரவே இல்லை. அவன் அம்மா பட்டுப் புடவையோடு அடியில் போய் அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், இரண்டு மணி நேரம், மேசை விரிப்பு அவர்களை மூடியிருந்தது, மேலே பரிமாறுகிறவர்கள் சூப் வைத்துப் போனார்கள். நான் குனிந்து ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயா, 20,000 வெள்ளியை வங்கியில் போடப் போனபோதும் அதுதான் கண்ணில் நின்றது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சட்டவிதியைத் திருத்தினோம். இப்போது ஒன்பது பேர்: நான்கு பெற்றோர், நான்கு துறை சார்ந்தவர்கள், எந்தப் பக்கமும் சேராத ஒருவர் (ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், இரண்டு பக்கத்தையும் அதட்டுவார்). எங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் செயலவையில் இருக்க முடியாது, ஆனால் எந்தக் கூட்டத்திலும் பேசலாம், அவர்கள் ஆட்சேபம் சொன்னால் அதைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். துறை சார்ந்த நால்வரும் வெளியிலிருந்து வருகிறவர்கள், பைசா வாங்குவதில்லை. அவர்களில் யாராவது தனியார் மையம் நடத்தினால், பிள்ளைகளை வெளி மையங்களுக்கு அனுப்பும் விஷயம் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். பெற்றோருக்கும் அதே சட்டம்தான். இட ஒதுக்கீடு பேசும்போது காத்திருப்புப் பட்டியலில் தன் சொந்தக்காரப் பிள்ளை இருக்கிறவர் அறையில் இருக்கக் கூடாது. இதில் சண்டை வராமல் இல்லை, போன வருடம் ஒரு தகப்பனார் கதவை அறைந்துவிட்டுப் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

  

இரண்டு தரப்பும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு என் மகன் விஷயத்தையே சொல்கிறேன். சின்ன வயதில் ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கு ஃபெர்ரி. பட்டர்வொர்த்தில் சில்லறை போட்டு உள்ளே நுழைந்து, மேல் தட்டில் அதே இடத்தில் நின்று, தீவுக்குப் போய் அதே ஃபெர்ரியில் திரும்பிவிடுவான், இறங்கிச் சுற்றிப் பார்ப்பதில் அவனுக்கு ஆர்வமில்லை. 2021 புத்தாண்டோடு அந்தப் பழைய பெரிய ஃபெர்ரிகளில் ஆட்கள் போவது நின்று, வேகப் படகு வந்துவிட்டது. அப்புறம் மீண்டும் நோய்க் கட்டுப்பாடு, மையம் மூடல். மையம் திறந்தபோது அவன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்திருந்தான். தெரப்பிஸ்ட் குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார், எந்தக் கிழமை, எத்தனை மணி, முன்னால் என்ன நடந்தது என்று பக்கம் பக்கமாக. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து கூடுகிறது என்று அவர் கண்டுபிடித்தார், ஏன் என்றுதான் தெரியவில்லை, வீட்டிலேயே அடைந்து கிடந்ததால் இருக்கும் என்று நானும் நினைத்தேன். செயலவையில் இருக்கிற இன்னொரு அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வரப்போவுதுல்ல, அதான். ஃபெர்ரி மாறிப்போச்சுன்னு அவன்கிட்ட யாராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

சொல்லவேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, எப்படிச் சொல்வது என்று தெரப்பிஸ்ட்டுக்குத் தெரிந்தது. நான்கு படம் கொண்ட ஒரு பட்டை செய்தார்: பழைய ஃபெர்ரி, அதன்மேல் ஒரு கோடு, புதுப் படகு, வீடு. மூன்று வாரம் அதைத் தினமும் அவனுக்குக் காட்டி, நான்காவது ஞாயிறு கூட்டிப் போனோம். படகு பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஏறினான்.

இன்னொன்றும் இருக்கிறது, எங்களிடமே இன்னும் சரியாக அமையவில்லை. ஆட்டிசத்தோடு வளர்ந்து ஆளானவர்களுக்கும் செயலவையில் இடம் வேண்டும். 19 வயதில் ஒருவர் எங்களோடு இருக்கிறார், மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூக நல இலாகா தரும் ஓ.கே.யு. அட்டையில் 'கற்றல் சிரமம்' என்று போட்டிருக்கும், எங்கள் கணக்குப் பிழையை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறார். இப்போதைக்குக் கூட்டத்துக்கு வந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளி முடிந்த பிள்ளைகளுக்கு என்ன வழி என்று பேச்செடுத்தால் பெற்றோர் அழுகிறோம், வல்லுநர்கள் தாளைப் புரட்டுகிறார்கள். அவர் ஒருவர்தான், "எனக்கு வேலை வேணும், பஸ் பக்கத்துல" என்று நேராகச் சொன்னார்.

படத்தில் இருந்த அந்த 11 பேருக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். மிச்சமுள்ள காரியங்களை ஆரம்பிப்பதற்கு முன் அரை நாள் எங்கள் மையத்துக்கு வாருங்கள், இரண்டு இரண்டு பேராக, சனிக்கிழமை காலையில், சாதாரண உடையில். பொன்னாடையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். முடிந்தால் நான்கைந்து இடங்களைக் காலி செய்து பெற்றோருக்கும் துறை தெரிந்தவர்களுக்கும் வாக்கோடு கொடுங்கள். 'ஆலோசகர்' என்று பெயர் போட்டு ஓரமாக உட்காரவைக்கிற வழக்கம் இருக்கிறது பாருங்கள், அது வேண்டாம், எங்களுக்கு அது பழகிப்போன ஓரம்.

எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். துறை சார்ந்தவர்களுக்கான ஓர் இடம் காலியாக இருக்கிறது, தமிழ் பேசத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் யாராவது தீவிலோ பெருநிலத்திலோ இருந்தால் என் முகவரி தங்களிடம் உள்ளது, கேட்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கூட்டம் இரவு எட்டரைக்கு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பகல் ஷிஃப்ட் முடிந்து பாலம் தாண்டி வருகிற அம்மாக்களுக்காக அந்த நேரம். (முன்பு மாலை ஐந்து மணிக்கு வைத்திருந்தோம், அந்த நேரத்தை முடிவு செய்தவர்களில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒருவரும் இல்லை, யாரும் வராததற்குப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது.) பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாடியில் ஆள் இருக்கிறார்கள்.

தங்கள் நிருபர் வருவதானாலும் வரலாம். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் மட்டும் போடவேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு பொருளாளர், ஓர் அம்மா,
பிறை, பினாங்கு.